டைமில் ஜெயிப்பது அழுகுணி ஆட்டமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 3 நிமிட செஸ் ஆட்டம், இன்கிரிமென்ட் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சேரும் கூடுதல் வினாடி) கிடையாது. கேட்டவரிடம் ஒரு ரூக் கூடுதல். எதிராளி ரிசைன் பண்ணாமல் (தோல்வியை ஒப்புக்கொள்ளாமல்), பிரயோஜனமே இல்லாத செக்குகளாகக் கொடுத்து இழுத்தடித்து, கடைசியில் டைமில் ஜெயித்துவிட்டார். "வெட்கமாக இல்லையா?" என்று சாட்டில் கேட்டதற்கு, "கடிகாரத்தையும் பாருங்க பாஸ்" என்று பதில் வந்ததாம். யார் பக்கம் நியாயம் என்பது முதல் கேள்வி. இரண்டாவது: அடுத்த மாதம் அவர் ஊரில் 5 நிமிட பிளிட்ஸ் போட்டி இருக்கிறது. அங்கே ரூக்குக்கு ரூக் மட்டும் மிஞ்சியிருக்கும்போது எதிராளி டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் மடமடவென்று நகர்த்திக்கொண்டே போனால் என்ன செய்வது?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமானால், எதிராளி செய்தது சரி. சாட்டில் நீங்கள் எழுதியதுதான் தேவையில்லாதது. ஆனால் இந்த ஒரு வரியோடு விட்டால் உங்கள் வயிற்றெரிச்சல் அடங்காது. அந்த எரிச்சலுக்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய ஆட்டத்தில் காய்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் இருக்கும் நேரத்தைத்தான் முதலில் பார்த்தேன். 22ஆவது நகர்த்தலில் உங்களுக்கு இரண்டு வழி இருந்தது. குதிரையை வெட்டலாம், ரூக்கையும் வெட்டலாம். எதை வெட்டினாலும் ஜெயம்தான். எது இன்னும் நல்லது என்று யோசிக்க 31 வினாடி எடுத்துக்கொண்டீர்கள். யோசனை வீண்போகவில்லை, ரூக் கிடைத்தது. ஆனால் கையில் மொத்தம் இருந்ததே 180 வினாடி. அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நகர்த்தலுக்குப் போய்விட்டது. எதிராளியோ 2 வினாடிக்கு ஒன்று என்று சுமாரான நகர்த்தல்களாக ஆடிக்கொண்டிருந்தார். அப்படி ஆடியதால்தான் அவருக்கு ரூக் போனது. நிதானமாக ஆடியதால்தான் உங்களுக்கு நேரம் போனது. ரூக் உங்கள் திறமை, அவர் சேர்த்து வைத்த நேரம் மட்டும் குருட்டு அதிர்ஷ்டம் என்றால் எப்படி?

20 ஓவர் முடியும்போது ஆறு விக்கெட் கையில் இருந்தது, இன்னும் இரண்டு ஓவர் கொடுத்திருந்தால் அடித்திருப்போம் என்று எந்த கேப்டனும் கோப்பையைக் கேட்பதில்லை. 3+0 (3 நிமிடம், கூடுதல் வினாடி இல்லை) என்று பொத்தானை அமுக்கும்போதே, "காயும் நேரமும் சேர்ந்ததுதான் ஆட்டம்" என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டாயிற்று.

அப்புறம், செஸ்ஸுக்குள் கடிகாரம் வந்ததே நியாயத்துக்காகத்தான். 1851ல் லண்டனில் நடந்த சர்வதேசப் போட்டியில் கடிகாரம் இல்லை. எலைஜா வில்லியம்ஸ் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்து எதிராளியைக் களைப்படைய வைக்கிறார் என்று ஹோவர்ட் ஸ்டான்டன் புலம்பித் தள்ளினார். (அந்த வில்லியம்ஸிடம் ஸ்டான்டன் தோற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) பத்து வருடம் கழித்து ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883 லண்டன் போட்டியில், ஒன்று நின்றால் மற்றது ஓடும்படி இணைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. அந்தக் காலத்தில் அழுகுணி ஆட்டம் என்று திட்டு வாங்கியவர்கள் மெதுவாக ஆடியவர்கள். இன்றைக்கு வேகமாக ஆடுபவருக்கு அதே திட்டு கிடைக்கிறது.

ரிசைன் பண்ணாதது அவமரியாதை என்ற எண்ணமும் நான்கைந்து மணி நேரம் ஓடும் கிளாசிகல் ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே கிராண்ட்மாஸ்டருக்கு எதிராக ஒரு ரூக் குறைவாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். பிளிட்ஸில் அந்த மரபுக்கு வேலையில்லை. ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) விதிப்படி ஒருவருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் பிளிட்ஸ். அதில் கடைசி 5 வினாடியில் யாருக்கு வேண்டுமானாலும் கை தடுமாறும். தடுமாறும் வரை உட்கார்ந்திருக்க எதிராளிக்கு உரிமை உண்டு.

சரி, எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது என்றேனே, அது எங்கே என்றால், டைம் முடிந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற விதியில். ஃபிடே விதி இப்படிப் போகிறது: நேரம் முடிந்தவருக்குத் தோல்வி; ஆனால் எந்த விதமான சட்டப்படியான நகர்த்தல்களாலும் எதிராளி அவருக்கு மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) கொடுக்கவே முடியாது என்றால் டிரா. 'எந்த விதமான' என்பதைக் கவனியுங்கள். தோற்பவர் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு எதிராளிக்கு உதவி செய்கிற மாதிரி ஆடினால்கூட மேட் வருமா என்றுதான் பார்ப்பார்கள். வரும் என்றால், டைம் முடிந்தவர் தோற்றார்.

ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ராஜா எச்8ல், கறுப்பு பிஷப் ஜி8ல். வெள்ளை ராஜா ஜி6ல், வெள்ளை பிஷப் இ5ல். வெள்ளை பிஷப் மூலைவிட்டமாக எச்8க்கு செக் கொடுக்கிறது. ஜி7, எச்7 இரண்டையும் வெள்ளை ராஜா காவல் காக்கிறது. மிச்சம் இருக்கும் ஒரே கட்டமான ஜி8ல் தன் சொந்த பிஷப்பே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது ஓடுவது வேறு நிறக் கட்டங்களில் என்பதால் குறுக்கே போய் நிற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. மேட்! நிஜ ஆட்டத்தில் இப்படி ஒருவர் போய் மாட்டிக்கொள்வதை நீங்கள் ஆயுசில் பார்க்கப்போவதில்லை. ஆனால் 'முடியும்' என்பதால், எதிர்நிற பிஷப் ஒன்றுக்கு ஒன்று மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் டைம் போனால் தோல்விதான். இரண்டு பிஷப்பும் ஒரே நிறக் கட்டங்களில் ஓடுபவை என்றால் மேட்டுக்கு வழியே இல்லை. அந்த நிலை வந்த நொடியே ஆட்டம் டிரா.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில், அப்போது 16 வயதான அலிரேசா ஃபிரூஸ்ஜா, அன்றைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிராக பிஷப்பும் சிப்பாய்களும் வைத்திருந்தார். கார்ல்சனிடம் ராஜாவும் ஒரு பிஷப்பும். கார்ல்சன் ஜெயிக்க வழியே இல்லாத நிலை. ஆனால் ஃபிரூஸ்ஜாவின் நேரம் முடிந்தது, முழுப் புள்ளி கார்ல்சனுக்குப் போனது. ஆட்டத்தின் நடுவே கார்ல்சன் பேசியது தன் கவனத்தைக் கலைத்தது என்று ஃபிரூஸ்ஜா முறையிட்டார்; நிராகரித்துவிட்டார்கள். கடைசியில் கார்ல்சனும் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவும் சமப் புள்ளியில் முடித்து, பிளேஆஃபில் கார்ல்சன் பட்டம் வென்றார். அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால், வெறும் கூட்டல் கணக்குப்படி பிளேஆஃபே இல்லை.

அதே நிலை செஸ்.காம் என்ற ஆன்லைன் தளத்தில் வந்திருந்தால் டிரா. எதிராளியிடம் ஒற்றை பிஷப்போ ஒற்றைக் குதிரையோ மட்டும் இருந்தால், உங்கள் நேரம் முடிந்தாலும் அங்கே டிராதான். அமெரிக்க செஸ் சம்மேளன விதியும் கிட்டத்தட்ட அப்படியே. லிச்செஸ் என்ற இன்னொரு தளம் ஃபிடேயைப் பின்பற்றுகிறது, அதனால் அங்கே தோல்வி. ஒரே நிலை, தளத்துக்கு ஒரு முடிவு. எந்தத் தளத்தில் ஆடுகிறீர்களோ அதன் விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்கள் வேலை.

எது நல்ல விதி என்று கேட்டால் நான் ஃபிடே பக்கம்தான் சாய்வேன். கார்ல்சன் அந்த நிலையில் ஜெயித்தது எனக்கு ருசிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் 'இந்த நிலையில் நிஜத்தில் யார் ஜெயித்திருப்பார்' என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. இருபது போர்டில் ஒரே நேரத்தில் கொடி விழுந்துகொண்டிருக்கும்போது (அதாவது டைம் முடிந்துகொண்டிருக்கும்போது), முடியுமா முடியாதா என்ற ஒரு கேள்விக்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியும்.

இனி உண்மையிலேயே அழுகுணி ஆட்டம் எது என்று பார்ப்போம். நேருக்கு நேர் ஆடும்போது அது கையில்தான் தெரியும். காய் நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். வலது கையால் நகர்த்தி இடது கையால் அமுக்குகிற ஆட்களை நிறையப் பார்க்கலாம். கேட்டால் "பழக்கதோஷம்" என்பார்கள். கடிகாரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருப்பதும் தப்பு. எல்லாவற்றிலும் மோசம், காய்களைத் தட்டிவிட்டு அப்படியே கடிகாரத்தை அமுக்குவது. தட்டியவர் தன் நேரத்திலேயே காய்களை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது விதி. 2 வினாடி மிச்சம் இருக்கும்போது நான்கு சிப்பாய்களைச் சாய்த்துவிட்டுக் கடிகாரத்தை அடிப்பவர் உங்கள் நேரத்தைத் திருடுகிறார். இங்கே தாட்சண்யம் பார்க்காதீர்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள்.

எதிராளி கடிகாரத்தை அமுக்கும் முன்பே நீங்கள் நகர்த்தலாமா என்று பலருக்குக் குழப்பம். அவர் காயை வைத்துக் கையை எடுத்துவிட்டால் உங்கள் முறை வந்துவிடுகிறது, நகர்த்தலாம். ஆனால் அவர் தன் கடிகாரத்தை அமுக்க இடம் கொடுத்தாக வேண்டும். அவர் கை இன்னும் காயில் இருக்கும்போதே நகர்த்தினால் அது அத்துமீறல். இந்த மயிரிழையில் ஒரு தேசியப் பட்டமே தொங்கியிருக்கிறது. 2008ல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன்ஷிப் துல்சா நகரில் நடந்தது. இரினா குருஷும் அன்னா ஸடோன்ஸ்கியும் பட்டத்துக்காக ஆர்மகெடான் ஆட்டம் (டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி என்று கணக்கிடும் முடிவாட்டம்) ஆடினார்கள், இன்கிரிமென்ட் இல்லாமல். கடைசி வினாடிகளில் இருவரும் செஸ் ஆடுவதை விட்டுவிட்டுக் கையும் கடிகாரமுமாகச் சண்டை போட்ட மாதிரிதான் இருந்தது. குருஷின் நேரம் முடிந்தபோது ஸடோன்ஸ்கியிடம் மிச்சம் 1 வினாடி. தன் நேரம் ஓடும்போதே எதிராளி நகர்த்திக்கொண்டிருந்தார் என்று குருஷ் பிறகு பகிரங்கக் கடிதம் எழுதினார். முடிவு மாறவில்லை. என்னைக் கேட்டால், அதில் குற்றவாளி இரண்டு ஆட்டக்காரர்களும் இல்லை. தேசியப் பட்டத்தை ஒரு வினாடி இன்கிரிமென்ட்கூட இல்லாமல் தீர்மானிக்கலாம் என்று முடிவெடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விதியை வைத்தே அழுகுணி ஆட்டம் ஆடுவதும் உண்டு. 2017ல் ரியாத் உலக பிளிட்ஸ் போட்டியின் முதல் சுற்றில் கார்ல்சன் செக் கொடுத்தார். எர்னெஸ்டோ இனார்கியேவ் அதைக் கவனிக்காமல், குதிரையால் பதிலுக்கு செக் கொடுத்தார். செக்கில் இருக்கும் ராஜாவை அப்படியே விட்டதால் அது செல்லாத நகர்த்தல். கார்ல்சனும் கவனிக்காமல் தன் ராஜாவை நகர்த்தினார். உடனே இனார்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, கார்ல்சன் செய்தது செல்லாத நகர்த்தல், வெற்றி எனக்கு என்றார்! முதலில் நடுவரும் கொடுத்துவிட்டார். தலைமை நடுவர் வந்து, அந்த நிலையிலிருந்து ஆட்டம் தொடரட்டும் என்று மாற்றினார். இனார்கியேவ் தொடர மறுத்ததால் புள்ளி கார்ல்சனுக்குப் போனது. டைமில் ஜெயிப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைப்பவர்களிடம் எனக்கு ஒத்துப்போகாது. டைமில் ஜெயிப்பவர் ஆட்டத்தை ஆடி ஜெயிக்கிறார். இது தன் தப்பையே ஆயுதமாக நீட்டுவது.

ஆன்லைனில் கையில்லை, அதனால் வேறு வடிவம். உங்கள் எதிராளி செய்ததற்கு நேர் எதிரான ஒன்றைத்தான் நான் மோசம் என்பேன். 10 நிமிட ஆட்டத்தில் ராணியை இழந்ததும், மிச்சம் இருக்கும் 6 நிமிடத்தையும் நகர்த்தாமல் ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. நீங்கள் சலித்துப்போய் வெளியேறிவிடுவீர்கள் என்ற நப்பாசை. விதிப்படி அது அவர் நேரம்தான். ஆனால் தளங்கள் இதைத் தொடர்ந்து செய்பவர்களை எச்சரிக்கின்றன, தடையும் போடுகின்றன. சரியாகவே செய்கின்றன. அடுத்தது நிமிடத்துக்கு மூன்று தடவை டிரா கேட்பது. 4 வினாடி இருப்பவரின் திரையில் அந்தப் பெட்டி எட்டிப்பார்ப்பதே ஒரு தொல்லை.

பிரீமூவ் போடுவது, அதாவது எதிராளி ஆடும் முன்பே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது, தப்பா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அது எல்லோருக்கும் இருக்கிற வசதி. லிச்செஸில் பிரீமூவுக்கு நேரமே கழியாது, செஸ்.காமில் 0.1 வினாடி கழியும். பிரீமூவ் போடுபவரைத் தோற்கடிக்க வழி, அவர் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு செக் கொடுப்பது. அவர் போட்டு வைத்தது ரத்தாகி, தடுமாறுவார். உங்கள் எதிராளி உங்களுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதுதான். 'பிரயோஜனமே இல்லாத செக்' என்று நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உங்களிடமிருந்து ஒரு வினாடியை எடுத்திருக்கிறது.

நடத்தை என்று வரும்போது, 2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் நடந்த காட்சிப் போட்டியையும் சொல்ல வேண்டும். நகமுரா குகேஷை ஜெயித்ததும் குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். ரசிகர்களுக்காக முன்பே பேசி வைத்த நாடகம் என்று பிறகு விளக்கம் வந்தது. இருக்கட்டும். குகேஷ் தன் பாட்டுக்குக் காய்களை அடுக்கினார் பாருங்கள், பள்ளிக்கூடப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

சென்னைக்காரர்களுக்கு வேக ஆட்டம் புதிதில்லை. 1972ல் மானுவல் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப் சோவியத் கலாசார மையத்தில் நடந்தது. ஜெயித்தவர் போர்டிலேயே உட்காரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் ஆனந்த் அங்கே பிளிட்ஸ் ஆடித்தான் கை வேகத்தை வளர்த்துக்கொண்டார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 9 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில், ரூக்கை வைத்து மேட் கொடுக்கவே தெரியாத குழந்தையிடம் "சும்மா நகர்த்திக்கிட்டே இரு, அவனுக்கு டைம் போயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை கோப்பையோடு வீட்டுக்கு வரும், எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம்) வராது.

இப்போது இரண்டாவது கேள்வி. ரூக்குக்கு ரூக், 5+0, எதிராளி விடாமல் ஆடுகிறார். '2 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் நடுவரிடம் டிரா கேட்கலாம்' என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறது. எதிராளி ஜெயிக்க முயற்சி செய்யாமல் டைமுக்காக மட்டும் ஆடுகிறார் என்று முறையிடலாம். ஆனால் அது இன்கிரிமென்ட் இல்லாத கிளாசிகல், ரேபிட் (பிளிட்ஸைவிடக் கூடுதல் நேரம் உள்ள வேக ஆட்டம்) ஆட்டங்களுக்கு மட்டும். அதுவும் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்திருந்தால்தான். பிளிட்ஸுக்குக் கிடையவே கிடையாது. இதை நம்பி நடுவரிடம் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம்.

பிளிட்ஸில் உங்களுக்கு இருப்பது, ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கும் உரிமை. நகர்த்தல்களை எழுதாத ஆட்டத்தில் அதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் நடுவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் பலிக்கும். இதைவிட நல்ல வழி, ரூக்கை மாற்றிக்கொள்வது. உங்கள் ராஜாவின் பாதுகாப்பில் ரூக்கை நிறுத்தி அவர் ரூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டே இருங்கள். முடிந்தால் செக்கோடு நீட்டுங்கள். மாற்றினால் ராஜாவுக்கு ராஜா, அந்த நொடியே டிரா. மாற்றாமல் ஒதுங்கினால், ஒவ்வொரு தடவையும் அவரும் யோசித்தாக வேண்டும்.

இதையெல்லாம்விட, போட்டி நடத்துபவரிடம் இப்போதே பேசிப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடி சேர்த்துக் கொடுக்கும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1989ல் காப்புரிமை வாங்கினார். 1992ல் ஸ்பாஸ்கியோடு ஆடிய மறு ஆட்டத்தில் அதைப் பயன்படுத்தினார். உலக பிளிட்ஸ் போட்டியே இப்போது 3+2ல்தான் (3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 வினாடி கூடுதல்) நடக்கிறது. "இன்கிரிமென்ட் வைத்தால் சுற்று இழுத்துக்கொண்டு போகும்" என்பதுதான் வழக்கமாக வரும் ஆட்சேபம். 60 நகர்த்தல் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 3 நிமிடம், அதோடு 120 வினாடி, ஆகமொத்தம் ஒருவருக்கு 5 நிமிடம். 5+0க்கு ஆகும் அதே நேரம். நகர்த்தலுக்கு 2 வினாடி வந்துகொண்டிருந்தால் ரூக்கும் ராஜாவும் வைத்து மேட் கொடுப்பது எட்டிவிடக்கூடியதுதான்; எவ்வளவு மோசமான நிலையிலிருந்தும் அதற்கு 16 நகர்த்தலுக்கு மேல் தேவையில்லை.

அவர்களிடம் இருப்பது சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்கள்தான் என்றால் இன்கிரிமென்ட்டுக்கு வழியில்லை. அப்போது முதல் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் இரண்டு விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொடி விழுந்ததை அவரே சொல்வாரா, நீங்கள்தான் சொல்ல வேண்டுமா? செல்லாத நகர்த்தலுக்கு முதல் தடவை 1 நிமிடம் எதிராளிக்குப் போகுமா, நேராகத் தோல்வியா? ஃபிடே விதி 2018லிருந்து முதல் தடவைக்கு 1 நிமிடம்தான் என்கிறது. ஆனால் பழைய விதியையே பிடித்துக்கொண்டு நடத்தும் போட்டிகள் இன்னும் இருக்கின்றன.